பன்னிரண்டு படத்தில் ஓடியவன்

மூன்றாம் ஆண்டில் சாயிராவுக்குக் கொடுத்த பயிற்சி மிகச் சாதாரணமானது. ஒரு ஆளை ஓட வைக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு படங்கள் போதும். கடைசிப் படம் முதல் படத்தோடு பிசிறில்லாமல் சேர்ந்துவிட்டால், அதே பன்னிரண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டி அவனை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடவிடலாம். பெங்களூரில் அவள் படித்த கலைக்கல்லூரியில் அனிமேஷன் பிரிவில் சேர்ந்த யாரும் இதைச் செய்யாமல் தாண்ட முடியாது.

கூடப் படித்தவர்கள் யாராவது ஒரு நண்பனை மைதானத்தில் ஓடச் சொல்லி, செல்போனில் பிடித்து, அதைப் பார்த்து வரைந்தார்கள். சாயிரா யாரையும் பார்க்கவில்லை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாளை வைத்து, காலை வகுப்பு முடிவதற்குள் பன்னிரண்டையும் போட்டுவிட்டாள். ஒல்லியான ஒரு வாலிபன். இடது கையால் சட்டைப் பையை அமுக்கிப் பிடித்திருந்தான். வலது கையில் ஒரு தண்ணீர் பாட்டில். முகம் மட்டும் வரவில்லை. அதை வெறுமையாக விட்டாள்.

கணினியில் ஓட்டிப் பார்த்தபோது ஆசிரியர் திரையைத் தொட்டுக் காட்டினார். "ஒன்பதாவது படம் தப்பு. வலது கால் வெளியே திரும்புது பாரு. பள்ளத்துல இறங்கி ஏறுற மாதிரி இருக்கு."

இருந்தது. சாயிரா ஒன்பதாவதைத் திருத்தினாள். ஓட்டம் சீரானது. ஆனால் அவன் போய்விட்டான். திரையில் ஓடியது ஏதோ ஒரு பொம்மை. பழைய ஒன்பதையே எடுத்து வைத்தாள். அவன் திரும்பி வந்தான்.

அதன்பிறகு அவன் போகவே இல்லை.

பேருந்து நிலையக் கூட்டத்தை வரையச் சொன்னால், கூட்டத்தில் ஒருவன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பூனை நடப்பதை வரைந்தபோது பூனையும் ஒன்பதாவது படத்தில் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. அதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. சாயிராவும் சிரித்தாள். ஆனால் அவனை வரைய உட்காரும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தாலும் அந்தத் தாகம் அடங்காது. பென்சிலைக் கீழே வைத்து எழுந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடுதியில் யாருமே இல்லாதபோது, வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு அடி சீராக, அடுத்தது தாழ்ந்து. கதவைத் திறந்தாள். வெயில் மட்டும்தான் இருந்தது. வராந்தாவின் கோடியில் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. போய் மூடிவிட்டு வந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு குறும்படம் செய்ய வேண்டும். என்ன செய்வது என்று மற்றவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். சாயிராவுக்கு அந்தக் கவலை இல்லை.

* * *

தர்மபுரியில் சாயிராவின் அப்பா நிசார் அகமது சீட் கவர் கடை வைத்திருக்கிறார். அவளுக்கு அவர் அத்தா. பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவானாலும் இருக்கைக்கு அளவெடுத்து ரெக்சின் வெட்டித் தைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாயிரா கடையில்தான் இருப்பாள். வெட்டிப்போட்ட ரெக்சின் துண்டுகளில் சாக்பீஸால் வரைவதுதான் அவள் விளையாட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோது, உறவுக்காரர்கள் பேசியதை எல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அதுக்கு வர்றத அது படிக்கட்டும்" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "போறது வர்றது பஸ்லதான். ரயிலு வேணாம்மா."

அவர் ரயிலில் ஏறி சாயிரா பார்த்ததே இல்லை. வாணியம்பாடியில் இருக்கும் மாமி வீட்டுக்குக்கூட மூன்று பஸ் மாறித்தான் கூட்டிப்போவார். சிலருக்குக் கூட்டம் ஆகாது, சிலருக்கு உயரம் ஆகாது. அத்தாவுக்கு ரயில் ஆகாது என்று வீட்டில் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

குறும்படம் மூன்று நிமிடம் பத்து வினாடி வந்தது. ஒரு சின்ன ரயில் நிலையம். வேப்பமரத்தடியில் குழாய். அவன் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறான். நிமிர்ந்து பார்க்கிறான். ஓடத் தொடங்குகிறான். பாட்டிலை நீட்டியபடி, பார்க்கிறவர்களை நோக்கியே ஓடி வருகிறான். கிட்டே வருகிறான். இன்னும் கிட்டே. பாட்டிலின் மூடி திரையைத் தொடப்போகும் நேரத்தில் மேலேயிருந்து கருப்பு இறங்கித் திரையை மூடிவிடுகிறது. அவ்வளவுதான்.

அவன் வந்து சேர வேண்டும் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஏழு விதமாக முடிவு வரைந்து பார்த்தாள். எதிலும் அவன் வந்து சேரவில்லை. கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. படம் முழுக்கக் குறுக்காக நான்கு கருப்புக் கோடுகள் வைத்திருந்தாள். அவை எதற்கு என்று கேட்டதற்கு "தெரியல சார், இல்லாம நல்லா இல்ல" என்றாள். கடைசியில் கருப்பு ஏன் மேலேயிருந்து கீழே இறங்குகிறது என்று கேட்டார்கள். அதற்கும் அதையேதான் சொன்னாள்.

படத்துக்குக் கல்லூரியில் பரிசு கிடைத்தது. 2025 மே மாதம் ஊருக்கு வந்தவள் அதை வீட்டு டிவியில் போட்டுக் காட்டினாள். அம்மா அமீருன்னிசா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். அத்தா நாற்காலியில் இருந்தார். அவன் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாயிரா திரும்பினாள். அத்தா செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க?" என்று அம்மா கூப்பிட்டாள். அவர் திரும்பாமல் தெருவில் இறங்கினார்.

நான்கு வருட உழைப்பை அத்தா இரண்டு நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை என்று சாயிராவுக்கு அழுகை வந்தது. அவர் மாலையில்தான் வந்தார். வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

* * *

கல்லூரி அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியது. தர்மபுரிச் செய்திகள் போடும் ஒரு பக்கம் 'நம்ம ஊர்ப் பெண்ணின் படத்துக்குப் பரிசு' என்று அதைப் பகிர்ந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றியது. வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவே இன்ஸ்டாகிராமில் கலைமதி என்ற பெண்ணிடமிருந்து ஒரு செய்தி.

'நான் மொரப்பூர் பக்கம் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். உங்கள் படத்தில் ஓடுகிறவர் யார்? என் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். தயவுசெய்து பேசவும்.'

கீழே செல்போன் எண் இருந்தது. சாயிரா கூப்பிட்டாள்.

"நான் போன்ல உங்க படத்த பாத்துட்டு இருந்தன்" என்றாள் கலைமதி. "அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு எடுத்துக்கிட்டு என் பின்னால போனாங்க. அப்படியே நின்னுட்டாங்க. தட்டுக் கட்டு கீழ வுழுந்திருச்சு. 'நம்ம அருளு'ன்னாங்க. எங்கண்ணன் காணாம போயி பதினெட்டு வருசமாச்சுங்க."

"அது நானா வரைஞ்சதுங்க. யாரையும் பாத்து வரையல. அதுக்கு முகமே கிடையாது."

"அதான் நானும் சொன்னன். கேக்க மாட்டேங்கறாங்க. ஒருதடவ வந்து நீங்களே சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறும்."

மறுநாள் காலை சாயிராவும் அமீருன்னிசாவும் பஸ் ஏறினார்கள். மொரப்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருந்த ஓட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கலைமதியின் அம்மா காசியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த உடம்பு. வந்தவர்களை வா என்றுகூடச் சொல்லவில்லை. "போடு கண்ணு, அத" என்றாள்.

சாயிரா தன் லேப்டாப்பைத் திறந்து படத்தை ஓட்டினாள். அவன் ஓடத் தொடங்கியதும் காசியம்மாள் திரையில் விரலை வைத்தாள்.

"இந்த எடம். நிறுத்து."

சாயிரா நிறுத்தினாள். ஒன்பதாவது படம்.

"ஏழு வயசுல புளியமரத்துல இருந்து வுழுந்துட்டான். புத்தூர்க் கட்டு கட்டியும் பாதம் வெளிய பாத்து நின்னுடுச்சு. நடக்கறப்ப தெரியாது. ஓடனா மட்டும் இப்படித் தாழும். பையில ஒண்ணுமே இல்லன்னாலும் பைய புடிச்சிக்கிட்டுத்தான் ஓடுவான். இந்த ஓட்டத்த நான் காட்டுக்கு அந்தாண்ட இருந்து பாத்தாலும் கண்டுபுடிப்பன்." அவள் சாயிராவை நிமிர்ந்து பார்த்தாள். "எம்மவன எங்க பாத்த?"

"நான் பாத்ததில்லைங்கம்மா."

"பாக்காம எப்படி வரைவ?"

சாயிராவுக்கு வாய் உலர்ந்தது. பென்சில் கையில் இல்லாதபோது அந்தத் தாகம் வந்தது அதுதான் முதல் தடவை.

காசியம்மாள் சொன்னது இதுதான். மகன் பெயர் அருள்குமார். அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா தர்மன் அவனைக் காட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். அவன் வெளியே வேலைக்குப் போக வேண்டும் என்றான். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. ஒருநாள் காலையில் அவனைக் காணவில்லை. கோபம் தணிந்தால் வருவான் என்றிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். தர்மன் அவனை நினைத்தே போய்ச் சேர்ந்துவிட்டார். ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை எடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னபோதெல்லாம் காசியம்மாள் சண்டை போட்டிருக்கிறாள். "எம்மேல கோவம் அவனுக்கு. நானும் அன்னைக்கு அவன் அப்பங்கூட சேந்து நாலு வார்த்த பேசிட்டன். அந்தக் கோவந்தான். அதான் வர மாட்டேங்கறான்."

"எந்த வருசம்ங்க அவர் போனது?" என்று கேட்டாள் அமீருன்னிசா.

"ரெண்டாயிரத்தி ஏழு. வைகாசி மாசம். மொத முகூர்த்தம்."

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில்தான் அமீருன்னிசா வாயைத் திறந்தாள். "அந்த முகூர்த்தத்துலதான் வாணியம்பாடியில உன் மாமி கல்யாணம். நான் முன்னாடியே போயிட்டன். உங்க அத்தா உன்ன தூக்கிக்கிட்டு அப்புறமா வந்தாரு. மொரப்பூர் வந்து ரயில்ல வந்தாரு. அதுக்கப்புறம்தான் அவர் ரயில் ஏறவே இல்ல."

* * *

நிசார் அகமது கடையில் தையல் மெஷினில் இருந்தார். சாயிரா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அத்தா, மொரப்பூர் போயிட்டு வர்றன். படத்துல ஓடறவரோட அம்மாவப் பாத்தன். அவர் பேரு அருள்குமார்."

மெஷின் நிற்கவில்லை. ஊசி ரெக்சினை விட்டு வெளியே போய் வெறும் தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் காலை எடுத்தார்.

"பேரு அப்ப தெரியாது" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். குரல் உயரவில்லை.

அன்றைக்கு ரயிலில் நிற்க இடமில்லை. மொரப்பூரில் ஏறிய ஒரு பையன் முண்டியடித்து ஜன்னலோரம் பிடித்தான். பிடித்த இடத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான். சாயிராவுக்கு அப்போது நாலு வயது. வெயிலில் தண்ணீர் தீர்ந்துபோய் அவள் அழ ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் சிக்னலுக்காக வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடியில் குழாய் தெரிந்தது. அந்தப் பையன் பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். பிடித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"அவன் வுட்டுட்டு நின்னிருக்கலாம். இல்ல பின்னால பெட்டியில ஏறியிருக்கலாம். நீ ஜன்னல் கம்பிக்கு வெளிய கைய நீட்டி அழுதுக்கிட்டு இருந்த. அவன் உன் கையையே பாத்துக்கிட்டு ஓடி வந்தான். ஒரு ஜாண்தான் இருந்துச்சு. பிளாட்பாரம் முடியறத அவன் பாக்கல."

தெருவில் ஒரு லாரி போனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"பின்னால ஜன்னல்ல இருந்து ஒரு பொம்பள கத்துச்சு. நீ பாத்துடக் கூடாதுன்னு நான் ஷட்டரை எறக்கிட்டன்."

சாயிராவின் கண்ணுக்குள் மேலேயிருந்து கருப்பு இறங்கியது. குறுக்கே நான்கு கோடுகள். அழகுக்காக வைத்ததாக நினைத்திருந்தவை.

"உனக்கு ஞாபகமே இல்லன்னு இருந்தன். நீ எதுவும் கேட்டதே இல்ல. டிவியில அவன் ஓடி வர்றான்... நேரா என்னப் பாத்து ஓடி வர்றான்."

"அது எனக்குக் கொண்டுவந்த தண்ணி" என்றாள் சாயிரா.

"நாலு வயசுக் கொழந்தைக்கு இதுல ஒண்ணும் இல்ல. இந்தப் பாவம் உனக்கில்ல. எனக்கு."

அன்று முழுக்க அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. டம்ளரை எடுப்பாள், அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள், வைத்துவிடுவாள்.

* * *

மூன்று நாள் கழித்து நிசார் அகமது காசியம்மாள் வீட்டுக்குப் போனார். சாயிராவும் கூடப் போனாள். அத்தா வழியில் ஏதாவது சொல்லைத் தேடுவார், கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்வார் என்று அவள் நினைத்தாள். அந்தப் பையன் தானாகவே இறங்கினான் என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்?

காசியம்மாள் முழுவதையும் கேட்டாள். ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அவனா எறங்கிப் போனானா பாய், நீங்க கேட்டீங்களா?"

"நான்தான் கேட்டன். 'தம்பி, கொழந்த அழுவுது, கொஞ்சம் தண்ணி புடிச்சிக்கிட்டு வர்றியா'ன்னு கேட்டன்."

"பையி? துணிப் பை கொண்டுட்டுப் போனானே?"

நிசார் அகமதுவின் தலை தாழ்ந்தது. "சீட்டுலயே இருந்துச்சு. ஜோலார்பேட்டையில பிளாட்பாரம் பூரா தேடனன். எங்கயாவது ஏறியிருப்பான்னு. அவன் இல்ல. பைய அங்கயே வுட்டுட்டு அடுத்த வண்டிக்கு மாறிட்டன். தொடறதுக்குப் பயமா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு டீக்கடையில பேப்பர்ல பாத்தன். ஆளு யாருன்னு தெரியலன்னு போட்டிருந்தாங்க. மடிச்சு வெச்சிட்டு வந்துட்டன்."

"அதுல அவன் பத்தாவது மார்க் சீட்டு இருந்துச்சு" என்றாள் காசியம்மாள். "பேரு, ஊரு, எல்லாம்."

பிறகு அவள் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. கலைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கௌம்புங்க. இப்ப வேணாம்" என்றாள்.

அவர்கள் சாலைக்கு வந்து புங்கமர நிழலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் காசியம்மாள் காட்டு வரப்பில் வேகவேகமாக நடந்து வருவது தெரிந்தது. சாயிரா அத்தாவை ஒட்டி நின்றுகொண்டாள். வந்தவள் நிசார் அகமதுவின் எதிரே நின்றாள்.

"என்னா சட்ட போட்டிருந்தான்?"

"நீலம். கட்டம் போட்டது."

"நான் எடுத்துக் குடுத்ததுதான்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "உங்ககிட்ட ஏதாச்சும் பேசனானா?"

"பேசனான். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேல சொல்லியிருக்காங்கன்னான். வூட்ல சொல்லாம வந்துட்டன்னான். 'போய்ச் சேந்ததும் மொத வேலையா எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணிடுவன், அது சாப்பிடாம கெடக்கும்'னான்."

காசியம்மாள் அப்படியே நின்றாள். பஸ் வந்தது. கண்டக்டர் விசிலடித்தார். அவள் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. பஸ் திரும்பும்வரை சாயிரா பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவள் நகரவே இல்லை.

* * *

அதன்பிறகு நிசார் அகமது ரயில்வே போலீசில் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். "பயம்ங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றார். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க ஒன்றரை மாதம் ஆனது. அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் இருபத்திரண்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. புதைத்த தேதி இருந்தது. எந்த இடத்தில் என்று இல்லை. காசியம்மாள் கலைமதியோடு அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு அப்பால் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு நிலத்தைக் காட்டினார்கள். அதன் ஓரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். வந்த மறுவாரம், ரேஷன் கார்டிலிருந்து மகன் பெயரை எடுக்கத் தானே மனு எழுதச் சொன்னாள்.

இதற்கிடையில் ஒருநாள் அவள் சாயிராவுக்கு போன் செய்தாள்.

"கண்ணு, அவன நிக்க வையி."

"என்னங்கம்மா?"

"பதினெட்டு வருசமா ஓடறான். கால் வலிக்காதா அவனுக்கு? நீ வரைஞ்சதுதான? நீயே நிறுத்து. எங்கயாவது உக்கார வையி."

சாயிரா மூன்று வாரம் வரைந்தாள். தர்மபுரி வீட்டில், காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்தாள். அவன் வேகம் குறைகிறான். நிற்கிறான். வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போய் உட்காருகிறான். பாட்டிலைத் திறந்து தானே குடிக்கிறான். இந்தத் தடவை கை எங்கும் தடங்கவில்லை. நாக்கு வறளவில்லை. முடித்தபோது தன் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். காசியம்மாள் கடைசிவரை பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்க" என்றாள். "ஆனா இது அவன் இல்ல. யாரோ ஒரு புள்ள உக்காந்து தண்ணி குடிக்குது."

"அம்மா..."

"ஓடறப்ப மட்டுந்தான் அவனா இருக்கான். நான் என்னா பண்ண? வுட்டுடு. ஓடட்டும்."

அந்தப் புதிய முடிவை சாயிரா யாருக்கும் காட்டவில்லை. பழைய படம் இப்போதும் இணையத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கீழே ஏதேதோ எழுதுகிறார்கள். காத்திருப்பைப் பற்றிய படம் என்று ஒருவர் எழுதினார். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது என்று இன்னொருவர். அவள் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. பெங்களூரில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாத்து, முயல், மேகம் எல்லாம் வரைகிறாள். ஆள் ஓடுவது போன்ற காட்சி வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், தனக்கு ஓட்டம் சரியாக வராது என்கிறாள்.

மார்ச்சில் நோன்புப் பெருநாளுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தபோது கடைக்குப் போனாள். ஸ்டூலில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே அத்தா மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தர்மபுரிக்கு எதற்கு வந்தாலும் காசியம்மாள் கடையில் ஏறிவிட்டுத்தான் போகிறாள் என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். திட்டுவதற்கோ அழுவதற்கோ அவள் வருவதில்லை. உட்கார்ந்து, "மொதல்ல இருந்து சொல்லுங்க பாய்" என்பாள். அவர் சொல்ல வேண்டும். மொரப்பூரில் ஏறியதிலிருந்து ஒன்றும் விடாமல். ஷட்டரை இறக்கியது, பையை விட்டது, எல்லாம். மன்னித்தேன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

சாயிரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"...'போய்ச் சேந்ததும் மொத வேலையா எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணிடுவன்'னான்" என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

"ம்."

"'அது சாப்பிடாம கெடக்கும்'னான்."

"ம். அப்புறம்?"

அத்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்புறம்... கடல வாங்கனான். பொட்டலத்துல பாதிய எங்கிட்ட குடுத்தான். இத இதுவரைக்கும் சொன்னனா?"

காசியம்மாள் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இல்லியே" என்றாள். "வறுத்த கடலையா, அவிச்சதா?"